லேடி பத்மாசனியின் மூன்று ஓட்டங்கள்

நிசாருதீனின் மனைவி என்று சொல்கிறீர்கள். இருக்கலாம். உட்காருங்கள். இல்லையம்மா, ஆதார் அட்டையெல்லாம் காட்ட வேண்டாம். நான் கேட்பதற்கு முன்பே காட்டத் தயாராக எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவர் வந்தார். இன்று நீங்கள். டைப் அடித்த கடிதம் வேறு. படித்துவிட்டேன். "லேடி பத்மாசனி என்ற குதிரையின் மூன்று ஓட்டங்களைப் பற்றி ஒன்பது வருஷங்களுக்கு முன் நான் எழுதிய குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன்." கீழே கோடு போட்டு என் பெயர், திருஞானம். அதற்கும் கீழே, ஹேண்டிகேப்பர், ஓய்வு. நல்ல தமிழ். வக்கீல் யாராவது எழுதிக் கொடுத்தாரா? நீங்களே எழுதினீர்களா? சரி.

நாளைக்கு ரேஸ் கிளப் கமிட்டி கூடுகிறது, எனக்கும் தெரியும். என் குறிப்பு ஃபைலில் இருக்கும்வரை அவருக்கு டிரெயினர் லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். இனி குதிரை ஓட்ட அந்தக் கால் உதவாது. குதிரையைப் பழக்குவது ஒன்றுதான் தெரிந்த வேலை. அதற்கும் இந்தக் கிழவன் குறுக்கே நிற்கிறான். இதைச் சொல்லத்தானே வந்தீர்கள்? சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் அவர் ஒரு கதை சொல்லியிருப்பார். என்னுடையதையும் கேட்டுவிடுங்கள். பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? ஜாக்கி வீட்டில் இருந்தும் பாதிப் பேருக்குத் தெரியாது. வேகமான குதிரை ஜெயிக்கும் என்று விட்டுவிட்டால் பந்தயத்தில் யார் பணம் கட்டுவார்? எது வேகம் என்று ஊருக்கே தெரிந்திருக்குமே. அதற்குத்தான் ஹேண்டிகேப்பர். நன்றாக ஓடும் குதிரைக்கு எடையைக் கூட்டுவேன். சுமாரான குதிரைக்குக் குறைப்பேன். ஒவ்வொரு குதிரைக்கும் என் புத்தகத்தில் புள்ளி உண்டு. ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். ஒரு புள்ளி என்பது முதுகில் அரை கிலோ. ஜாக்கியும் சேணமும் போக மீதி எடைக்கு ஈயத் தகடு. சேணத்துக்கு அடியில் ஒரு துணி, அதில் வரிசையாகப் பைகள், அதில் செருகுவார்கள். நான் போட்ட எடை சரியென்றால் பத்துக் குதிரையும் ஒரே மூக்காக வந்து சேர வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சேரவில்லை.

ஏன் சேரவில்லை? நான் தப்பாகப் போட்டதாலா? இல்லையம்மா. ஏமாற்றினார்கள்.

தோற்றால் எடை குறையும் என்றேனே, திருட்டு அங்கேதான். நல்ல குதிரையை மூன்று ஓட்டத்துக்கு இழுத்துப் பிடித்து ஓட்டுவது. கடிவாளத்தில் ஒரு விரல் கூடுதலாக இறுக்கினால் போதும், ஸ்டாண்டில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது. ஆறாவதாக வா, எட்டாவதாக வா. நான் ஏமாந்து புள்ளியைக் குறைப்பேன். ஜனங்களும் அந்தக் குதிரையைக் கைவிட்டுவிடுவார்கள், ஒன்றுக்குப் பதினைந்து என்று விலை போகும். நான்காவது ஓட்டத்தில் லேசான எடையோடு அவிழ்த்து விடுவது. சொந்தக்காரன், டிரெயினர், ஜாக்கி மூன்று பேரும் அன்றைக்குப் பணம் கட்டியிருப்பார்கள். மறுநாள் பேப்பரில் "எதிர்பாராத வெற்றி" என்று போடுவான். எதிர்பாராதது எனக்கும் ஜனங்களுக்கும்தான்.

ஆகவே என் உத்தியோகமே சந்தேகம். சம்பளம் கொடுத்து என்னைச் சந்தேகப்பட வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் சார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ஈயம். "ஈயம் வருதுடா" என்பார்கள். உங்கள் வீட்டிலும் என் பெயர் அதுதானே? பரவாயில்லை.

இப்போது அந்த சீசன். மலை ஊர் ஒன்று, பெயர் வேண்டாம், கேஸ் என்று ஏதாவது கிளம்பும். ஏப்ரலில் குதிரைகளை லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோவார்கள், ஜூனில் மழை பிடித்துக்கொண்டதும் இறக்குவார்கள். அந்த வருஷம் வந்த குதிரைகளில் ஒன்று லேடி பத்மாசனி. எஸ்டேட்காரர் ஒருவர் தன் மாமியார் பெயரை வைத்திருந்தார். மாமியார் மேல் பிரியமா, சவுக்கடி வாங்கட்டும் என்றா, அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. லாயத்தில் எல்லோருக்கும் பத்மா. பழுப்பு நிறம், ஐந்து வயது. டிசம்பரில் சமவெளியில் இரண்டு பந்தயம் தொடர்ந்து ஜெயித்தவள். என் புத்தகத்தில் நல்ல புள்ளி. அறுபது கிலோ போட்டேன்.

மேலே முதல் ஓட்டம், பத்தில் ஆறாவது. சரி, மலைக்காற்று புதிது. இரண்டாவது ஓட்டம், எட்டாவது. மூன்றாவது ஓட்டம், பதினொன்றில் ஒன்பதாவது. மூன்றிலும் ஜாக்கி உங்கள் வீட்டுக்காரர். ஆறு, எட்டு, ஒன்பது. படிக்கட்டு கட்டினது போல இறங்குகிறாள். இயற்கையில் எதுவும் அவ்வளவு அழகாக இறங்காதம்மா.

மூன்றாவது ஓட்டம் முடிந்த திங்கட்கிழமை அவளுடைய டிரெயினர் வந்தார். மேஜர் பெள்ளியப்பா, குடகுக்காரர், பட்டாளத்தில் குதிரைகளோடு இருந்தவர். கதவைத் தட்டுகிற பழக்கம் கிடையாது.

"திருஞானம், பத்மாவுக்கு எட்டுப் புள்ளி எறக்கு."

"ஒரு புள்ளி எறக்கியிருக்கேன் மேஜர்."

"மூணு ஓட்டத்துக்குச் சேத்து அரை கிலோவா? என்னய்யா, உங்கப்பன் வீட்டுச் சொத்துல இருந்தா எடுத்துக் குடுக்கற?"

"அவ ஒரு தடவை நல்லா ஓடட்டும், அப்புறம் பேசலாம்."

"நல்லா ஓடறதுக்குத்தான்யா குறைக்கச் சொல்றேன்!"

பார்த்தீர்களா, அவர் வாயாலேயே வந்துவிட்டது. எடையைக் குறைத்தால் ஓடுவாளாம். அப்படியானால் ஓட்டம் அவளிடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

குதிரை டாக்டர் புனிதவதியைக் கேட்டேன். நேர்மையான பெண் என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் சொன்னால் நான் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன்.

"பரிசோதிச்சேன் சார். நிக்கும்போது ஒண்ணும் தெரியல. ஓடும்போது என்னாகுதுன்னு எனக்குத் தெரியாது. மூச்சு ஏதோ சரியில்லன்னு தோணுது."

"தோணுதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"தோணுறதையெல்லாம் எப்படி சார் எழுதறது? நீங்க எழுதுவீங்களா?"

எழுதிக் கொடுக்க மாட்டாராம், ஆனால் நான் நம்ப வேண்டுமாம்.

மூன்று ஓட்டத்தின் காமிராப் பதிவையும் வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். அறுபது தடவை பார்த்திருப்பேன். பிடி கிடைக்கவில்லை. அப்போதுதான் புரிந்தது, உங்கள் வீட்டுக்காரர் சாதாரண ஆள் இல்லை என்று. மற்றவர்கள் இழுத்தால் எங்காவது மாட்டுவார்கள். இவர் எங்குமே மாட்டவில்லை.

அதற்கு நடுவில் ஒரு சேதி. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பந்தயப் பணம் வாங்கும் புக்கி ஒருவனோடு நிசாருதீனின் மச்சான் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான் என்று. உங்கள் தம்பிதான். ஜாக்கிகளுக்குச் சட்டை தைக்கிறவன். கூப்பிட்டுக் கேட்டேன் நிசாரை.

"அளவு எடுத்தான் சார்."

"புக்கிக்கா?"

"புக்கியும் சட்டை போடுவார்ல சார்."

அந்த வேகத்தைப் பார்த்தீர்களா? யோசிக்கவே இல்லை. உண்மை சொல்பவனுக்கு ஒரு தடுமாற்றம் இருக்கும், கொஞ்சம் நினைத்துப் பார்ப்பான். இவர் கையில் பதில் தைத்துத் தயாராக இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார் வேறு.

நான்காவது ஓட்டம் மே மாதக் கடைசி ஞாயிறு, ஆயிரத்து அறுநூறு மீட்டர். பத்மாவுக்கு ஐம்பத்தொன்பதரை கிலோ. எடை பார்க்கும் அறையில் நானும் இருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் சேணத்தோடு ஐம்பத்து மூன்று நின்றார். மீதி ஆறரை கிலோவுக்கு ஈயத் தகடு செருகிக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றாக, என்னைப் பார்த்துக்கொண்டே.

"சார், நான் உசுரோட இருக்கற எடை. அவ திரும்பினா நானும் திரும்புவேன், அவ தாவினா நானும் எழும்புவேன். இது செத்த எடை சார். முதுகுல அப்படியே கிடக்கும்."

"விதிப்படிதான் போட்டிருக்கு நிசார்."

"விதி அவளுக்குத் தெரியாதே சார். அவ மூச்சு விடறது எனக்குத் தொடையில கேக்குது. தள்ளறேன், வரமாட்டேங்கறா. இழுக்கல சார், சத்தியமா இழுக்கல."

சத்தியம் செய்ய நான் கேட்கவில்லை. கேட்காமல் செய்கிற சத்தியத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை. சொல்லிவிட்டேன்: "இன்னைக்கும் இப்படி ஓட்டினா ரிப்போர்ட் எழுதுவேன். லைசென்ஸ் போயிடும். வீட்டை நினைச்சுக்க."

தகட்டுப் பையை மூடினார். "அப்போ ஓடச் சொல்லி அவளைக் கேக்கத்தான் வேணும்," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

பந்தயம் தொடங்கியது. நான் நடுவர்கள் மாடத்தில் இருந்தேன். பாதி தூரம்வரை பழையபடி பின்னால்தான். திருப்பத்துக்கு முன் சவுக்கை எடுத்தார். அந்த சீசனில் அவர் அப்படி அடித்து நான் பார்த்ததே இல்லை. ஏழாவது, ஐந்தாவது, திருப்பத்தில் மூன்றாவது! நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கி, "பாத்தீங்களா, ஓடறா! நான் சொல்லலே?" என்று கத்தினேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் கத்தியது அன்றைக்குத்தான்.

பிறகு விழுந்தாள். முன்னங்கால் மடிந்தது போலத்தான் தெரிந்தது. தலைகீழாகப் போனாள். இவர் முன்னால் தெறித்து விழுந்தார். பின்னால் வந்த குதிரை ஒதுங்க இடமில்லை, வலது காலின் மேல் ஏறிப் போயிற்று. மீதி உங்களுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

பிழைக்காத குதிரையை முடித்துவைப்பதை ஜனங்கள் பார்க்கக் கூடாது என்று பச்சைப் படுதாவைக் கொண்டுவந்து பத்மாவைச் சுற்றி மறைத்தார்கள். அதற்குத் தேவையே இருக்கவில்லை, அவள் விழுவதற்கு முன்பே போய்விட்டாள் என்றார் புனிதவதி.

நான் அறைக்குப் போய் அவளுடைய ஃபைலை எடுத்து முந்தைய மூன்று ஓட்டங்களுக்கும் எதிரே ஒரே வார்த்தை எழுதினேன். "முயலவில்லை." எழுதும்போது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது, அதனால் நேரம்கூட நினைவிருக்கிறது. ஐந்து இருபது.

அப்படிப் பார்க்காதீர்கள். அடித்ததும் ஓடினாளா இல்லையா? ஓடினாள். அப்படியானால் முன்பு மூன்று தடவை ஏன் அப்படி அடிக்கவில்லை? பதில் சொல்லுங்கள். யாரும் சொல்லவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது, இதயத்தில் பழைய தழும்பு என்று. பழைய என்றால் எவ்வளவு பழைய? டிசம்பரில் இரண்டு பந்தயம் ஜெயித்தபோது இருந்ததா? எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்கும் ஏதாவது காரணம் இருக்கும்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் பழம் அனுப்பினேன். நீங்கள் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். மடியில் கனமில்லாதவர்கள் ஆப்பிளை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்?

சரி, போன மாதம். அவர் இங்கே வந்தார், இதே இடத்தில் உட்கார்ந்தார். குறிப்பை எடுத்துவிடுங்கள் சார் என்றார். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. சொன்னேன்: "இழுத்தேன்னு ஒரு வரி எழுதிக் குடு. அது என்னோட இருக்கும், கமிட்டிக்குப் போகாது. ஒத்துக்கிட்டவனை மன்னிச்சுட்டேன்னு நான் குறிப்பை எடுத்துடறேன்." இதைவிட நியாயமாக யார் பேசுவார்கள்? "வரேன் சார்" என்று எழுந்துவிட்டார். வலது காலை இழுத்துக்கொண்டுதான் போனார். படியிறங்கியதும் நான் பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். யாரும் பார்க்காதபோது எப்படி நடக்கிறார் என்று தெரிய வேண்டாமா? பஸ் நிறுத்தம்வரை நொண்டினார். பஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று, அங்கேயும் ஒரு காலில்தான் நின்றார். பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. நான் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என்னம்மா, பையில் இன்னொரு காகிதமா? அதை ஏன் இவ்வளவு நேரம் வெளியே எடுக்கவில்லை? கொடுங்கள்.

ஓ. ஒப்புதல். அவர் கையெழுத்துதான், அந்த "நி" எனக்குத் தெரியும். அப்படியானால் வழிக்கு வந்துவிட்டார். கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன்.

"முதல் ஓட்டத்தில் திருப்பத்தில் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தேன். இரண்டாவது ஓட்டத்தில் தொடக்கக் கேட்டிலிருந்து வேண்டுமென்றே தாமதமாகக் கிளப்பினேன். மூன்றாவது ஓட்டத்தில் கடைசி இருநூறு மீட்டரில் குதிரையைத் தள்ளும் கை வேலையை நிறுத்தினேன்."

இருங்கள்.

முதல் ஓட்டம், திருப்பத்தில் இறுக்கினாரா? யாரிடம் சொல்கிறார் இதை? திருப்பத்தில் கடிவாளம் தொளதொளவென்று கிடந்தது. ஒன்பதாவது கேட், வெளியோரமாகச் சுற்றிக்கொண்டு வந்தார், சவுக்கை இடது கைக்கு மாற்றி இரண்டு தட்டு தட்டினார். அறுபது தடவை பார்த்திருக்கிறேனம்மா! சவுக்கை மாற்றுகிறவன் எந்தக் கையால் இறுக்குவான்?

இரண்டாவது ஓட்டம், கேட்டில் தாமதமாம். அன்றைக்குக் கேட் திறந்ததும் இரண்டாவதாக வெளியே வந்தது பத்மா. இரண்டாவது! முதலில் வந்த குதிரைக்கும் அவளுக்கும் ஒரு கழுத்துகூட வித்தியாசம் இல்லை. தாமதமாக வந்தது நீலச் சட்டைக்காரன் குதிரை. இவருக்குத் தான் ஓட்டிய பந்தயமே மறந்துவிட்டதா?

மூன்றாவது இன்னும் மோசம். கடைசி இருநூறு மீட்டரில் கையை நிறுத்தினாராம். அத்தனை ஜாக்கிகளிலும் எல்லைக் கம்பத்தைத் தாண்டிய பிறகும் தள்ளிக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான். ஒன்பதாவதாக வருகிற குதிரையை யாராவது அப்படித் தள்ளுவானா என்று நான் எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் தெரியுமா? இரண்டு தாவல், கம்பத்துக்கு அப்பால், தலையைக் குனிந்துகொண்டு தள்ளுகிறார்.

பொய். மூன்று வரி, மூன்றும் பொய். லைசென்ஸுக்காக வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறார். முப்பத்தொரு வருஷம் ஓட்டங்களைப் படித்தவனிடம் வந்து, நடக்காததை நடந்ததாக எழுதிக் கொடுத்தால் நான் வாங்கி வைத்துக்கொள்வேன் என்று நினைத்தாரா? இதை மன்னித்துக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு எவனாவது அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்து, திருஞானத்துக்குப் பந்தயம் பார்க்கவே தெரியாது என்பான்.

என்ன கேட்டீர்கள்? நான் சொன்னதை எழுதித் தர முடியுமா என்றா? ஏன் முடியாது? நான் புனிதவதி இல்லை, தோன்றுவதைச் சொல்லிவிட்டு எழுத மறுப்பதற்கு. பேனா என்னிடமே இருக்கிறது. நல்ல காகிதமும் இருக்கிறது.

கேளுங்கள், படித்துக்கொண்டே எழுதுகிறேன். "நிசாருதீன் எனக்குக் கொடுத்த ஒப்புதல் முற்றிலும் பொய். லேடி பத்மாசனியின் முதல் ஓட்டத்தில் அவர் கடிவாளத்தை இறுக்கவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் தாமதமாகக் கிளப்பவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் எல்லையைத் தாண்டியும் கை வேலையை நிறுத்தவில்லை. மூன்று ஓட்டங்களிலும் எந்த இடத்திலும் அவர் குதிரையை இழுத்துப் பிடித்ததற்கு அடையாளம் இல்லை. பதிவுகளை அறுபது முறை பார்த்த பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன்." திருஞானம். தேதி. போதுமா? முழுப் பெயரும் வேண்டுமா? போடுகிறேன். பதவியும் போடுகிறேன்.

இழுக்கவில்லை என்றால் வேறு ஏதோ செய்திருக்கிறார். என்னவென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அதை இதில் எழுதவில்லை. தெரியாததை நான் எழுதுவதில்லை.

நாளைக்குக் கமிட்டியில் முதல் காகிதமாக இதைக் கொடுங்கள். இவர் எப்பேர்ப்பட்ட பொய்யர் என்று அவர்களுக்கும் தெரியட்டும். அந்த டைப் அடித்த கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை. பொய் ஒப்புதலையும் எடுத்துக்கொண்டு போங்கள், என் வீட்டில் அது வேண்டாம். கிழித்துப் போட்டாலும் சரி.

எதற்கம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள்? வருத்தமாகத்தான் இருக்கும், புரிகிறது. மெல்ல மடியுங்கள், மை காயவில்லை. டீ போடச் சொல்கிறேன், இருந்து சாப்பிட்டுவிட்டு... சரி, வேண்டாம்.

அம்மா, படியில் பார்த்து! வரும்போது இரண்டு மாடிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறி வந்தீர்கள். இப்போது என்ன இந்த வேகம்?